இந்த வருஷம் ஜெயித்தவனுக்கு

அன்பு மகன் லெமனுக்கு அம்மா எழுதுவது. நீயும் என் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், அந்த ஒரு வரிக்கு மட்டும் கை நகர மாட்டேன் என்கிறது. அப்பா நலம். நான் நலம் மாதிரி. மாமா நலமில்லை. நீ நலமா இல்லையா என்று உனக்கே தெரியாது, அதற்காகத்தான் இவ்வளவு பெரிய கடிதம். போனில் சொல்லித் தொலைக்கலாமே என்பாய். சொன்னேனே! போன வாரம் நான் மூச்சுப் பிடித்துச் சொல்லிக்கொண்டு வந்தேன், நீ பாதியிலேயே "அம்மா, நான் இந்த வருஷ சாம்பியன்மா, வயித்தெரிச்சல் படாத" என்று சிரித்துவிட்டு, அடுத்த டிரிப்புக்கு நேரமாயிடுச்சு என்று வைத்துவிட்டாய். நீ சொல்லும் "சரிம்மா, சரிம்மா" எனக்குத் தெரியாதா, சின்ன வயதில் குளிக்கப் போடா என்றாலும் அதே சரிம்மாதான், தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்காது. பேப்பரில் எழுதினால் நீ என்னை வெட்டிவிட முடியாது. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி. டெப்போவில் நின்றுகொண்டு படிக்காதே.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அம்மா வாயைத் திறந்தாலே ஒப்பாரிதான் என்பாய். அப்பாவுக்குக் காது இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது, அது அவருக்கு ரொம்ப வசதி, நான் திட்டுவது கேட்பதில்லை, பக்கத்து அறையில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் மட்டும் கேட்கிறது. மற்றபடி மாத்திரை தவறுவதில்லை, சாப்பிட்டபின் மாடிப்படி ஏறி இறங்குகிறார், வருஷா வருஷம் கண்ணைக் காட்டுகிறார். போன மாதமும் பார்த்தார்கள், சர்க்கரை வந்து இத்தனை வருஷமாகியும் கண்ணில் ஒரு புள்ளி இல்லை என்று டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ஊசியில் நூல் கோத்துக் காட்டி, நாள் முழுக்க அந்த ஊசியோடு என் பின்னாலேயே சுற்றினார். கிழிந்த துணி எதுவும் வீட்டில் இல்லாமல் போனது அவருக்கு வருத்தம்.

நம் சர்க்கரைப் பந்தயத்தின் கதை உன் பெண்டாட்டிக்குச் சரியாகத் தெரியாது, அவளும் இதைப் படிப்பாள் என்பதால் விவரமாக எழுதுகிறேன். வருஷத்துக்கு ஒரு நாள் மாமாவின் கார் பெயிண்ட் பட்டறையை மூடிவிட்டு, குடும்பத்தோடு லேபுக்குப் போய் ரத்தம் கொடுப்போம். யாருக்குச் சர்க்கரை குறைவோ அவர் ஜெயித்தவர், தோற்ற மற்றவர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு முழுக் கேக் வாங்கித் தர வேண்டும். சர்க்கரை இல்லாதவனுக்குப் பரிசு கேக்! இந்த மாதிரி அறிவு நம் வீட்டில் மட்டும்தான் விளையும். ஆரம்பத்தில் எல்லோரையும் போல வெறும் வயிற்றில்தான் ரத்தம் எடுத்தார்கள். உன் அப்பா என்ன செய்தார், முந்தின இரண்டு நாள் பட்டினி கிடந்து, நடையோ நடை என்று நடந்து, நம்பரைக் குறைத்துக் காட்டிக் கேக்கை அடித்துக்கொண்டு போய்விட்டார். மாமாவுக்கு வந்ததே கோபம். "மச்சான் கள்ளாட்டம் ஆடுறாரு, இனிமே மூணு மாச டெஸ்டுதான், அதுல எவனும் ஏமாத்த முடியாது" என்று சட்டம் போட்டான். ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து, மூன்று மாதத்துக் கணக்கையும் சேர்த்துச் சொல்லும் டெஸ்ட் அது, இரண்டு நாள் பட்டினிக்கெல்லாம் மசியாது. வெறும் வயிற்றோடு ஓட வேண்டாம், சாப்பிட்டுவிட்டு மறுபடியும் போய்க் காத்திருக்க வேண்டாம், எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. அந்த வருஷமே அப்பா கையும் களவுமாக மாட்டினார், அன்றைக்கே மாத்திரை ஆரம்பம். அதற்கப்புறம் வருஷா வருஷம் அப்பா தோற்றார், வருஷா வருஷம் மாமா ஜெயித்தான். பழைய டெஸ்டை நாங்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏமாற்ற முடியாத ஒன்று கையில் இருக்கும்போது மற்றது எதற்கு என்று நினைத்தோம். மாமா டீயில் மூன்று கரண்டி போட்டுக் கலக்கிக்கொண்டே, "சர்க்கரைக்கே என்னைக் கண்டா பயம்க்கா" என்பான், அப்பா தன் வெறும் டீயை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நாங்கள் எல்லோரும் சிரிப்போம்.

சிரித்தது போதும். பட்டறையில் முன்னறையில் உட்கார்ந்து போன் எடுப்பதும், வாடிக்கையாளர் வாயை அடைப்பதும் என் வேலை என்பதால், எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது, எனக்குத்தான் எதுவும் உறைக்கவில்லை. மாமாவின் கண் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். கலர் கலக்கும் மெஷின் ஒரு பக்கம் தூங்கும், இவன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, வெயிலில் ஒரு தரம் நிழலில் ஒரு தரம் பார்த்துவிட்டு, வெள்ளையில் கறுப்பு இவ்வளவு, மஞ்சள் இவ்வளவு என்று சொட்டு விட்டுக் கலக்கி அட்டையில் தடவினால் வண்டியும் அட்டையும் ஒன்றாக இருக்கும். அப்படிப்பட்டவன் அடித்த வெள்ளைக் கார் ஒன்று திரும்பி வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருடையது, தங்கமான மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, கதவு மட்டும் பல்லு விளக்காத மாதிரி இருக்கு" என்றார். நான் வெளியே போய்ப் பார்த்தேன். மனிதர் குறைத்துத்தான் சொல்லியிருந்தார். மாமா பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே வெள்ளைதானே, என்ன வித்தியாசம் என்றான். முதலில் டியூப் லைட்டைக் குறை சொன்னான், லைட்டை மாற்றினோம். பிறகு டப்பாவில் வந்த பெயிண்ட் சரியில்லை என்றான். பிறகு வாத்தியாருக்கு வயதாகிவிட்டது, அவர் கண்ணைக் காட்டட்டும் என்றான். அடுத்து ஒரு நீல வண்டியின் பம்பர், அதுவும் திரும்பி வந்தது. அப்போதும் நான் அவனோடு சேர்ந்துகொண்டு பெயிண்ட் கடைக்காரரைத்தான் போனில் காய்ச்சி எடுத்தேன், பாவம் அந்த ஆள்.

அப்புறம் ஒரு நாள் சும்மா நின்றுகொண்டு முகத்துக்கு முன்னால் கையை வீசிக்கொண்டே இருந்தான். கடையில் ஈ ஓட்டுகிற அளவுக்கா நம் பிழைப்பு படுத்துவிட்டது என்று கிண்டல் செய்தேன். அவன் சிரிக்கவில்லை, "ஒட்டடை மாதிரி ஏதோ தொங்குதுக்கா, கையில சிக்க மாட்டேங்குது" என்றான். நான் நிமிர்ந்து பார்த்தேன், அங்கே ஒட்டடையும் இல்லை ஈயும் இல்லை. அதற்கடுத்த வாரம், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கம்ப்ரெஸர் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஸ்ப்ரே சத்தம் மட்டும் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் தரையில் உட்கார்ந்திருக்கிறான், முகமூடியைக்கூடக் கழற்றவில்லை. "வலது கண்ணுல சிவப்பா ஒண்ணு கொட்டுதுக்கா, மேலேருந்து கீழ இறங்குது" என்றான். குரல் அவன் குரல் மாதிரியே இல்லை. உன் அத்தையும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனோம். கண் டாக்டர் அம்மா நெடுநேரம் உள்ளே பார்த்தார், பார்த்துவிட்டு எத்தனை வருஷமாகச் சர்க்கரை என்று கேட்டார். எனக்குச் சர்க்கரையே கிடையாது டாக்டர், நான் வருஷா வருஷம் முதல் ஆள் என்று மாமா நம்பரைச் சொன்னான். அதற்கு அவர், "உங்க நம்பர் எதுவா வேணா இருக்கட்டும், நான் உள்ள பாக்கறது பத்து வருஷச் சர்க்கரை, கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு, இன்னொரு கண்ணுலயும் ஆரம்பிச்சாச்சு" என்று சொல்லி அப்போதே சர்க்கரை டாக்டரிடம் அனுப்பினார். அங்கே பழைய மாதிரி வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று என்று ரத்தம் எடுத்தார்கள். உன் அப்பா தோற்ற வருஷங்களில்கூட அந்த மாதிரி ஒரு நம்பரை நான் பார்த்ததில்லை.

லெமன், இனிமேல் எழுதுவதை நிதானமாகப் படி. சர்க்கரை டாக்டர் சின்ன வயசுக்காரர்தான், ஆனால் எனக்குப் புரியும் வரை விடவில்லை. ரத்தத்தில் இருக்கும் சிவப்பு அணு ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு மாதம் உயிரோடு ஓடுமாம், ஓட ஓடச் சர்க்கரை அதன்மேல் ஒட்டிக்கொண்டே வருமாம், எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் நம் பந்தய டெஸ்ட் பார்க்கிறது. "உங்க தம்பியோட அணு சீக்கிரமே செத்துடுதும்மா, புதுசு புதுசா வந்துக்கிட்டே இருக்கு, புதுசு மேல ஒட்டறதுக்கு நேரமே கிடைக்கல, அதனாலதான் நம்பர் கம்மியாக் காட்டுது, ரத்தத்துல சர்க்கரை ஒண்ணும் கம்மியில்ல" என்றார். தினமும் கழுவுகிற வண்டியில் தூசியைத் தேடியிருக்கிறோம் என்று மாமா ஒற்றைக் கண்ணோடு சொன்னான், அதுதான் விஷயம். அணுவைப் பாதுகாக்கும் ஒரு என்சைம் பிறவியிலேயே இவனுக்குக் குறைவு. ஜி சிக்ஸ் பி டி குறைவு என்று அதற்குப் பெயர், அங்கே உன் டாக்டரிடம் இந்தப் பெயரை அப்படியே சொல், அவருக்குத் தெரியும். இந்தக் குறை சர்க்கரை நோயைக் கொண்டுவருவதில்லையாம், வந்த நோயைக் காட்டாமல் மூடி வைக்கிறது, அவ்வளவுதான். மூடி வைத்தால் உள்ளே அது பாட்டுக்குக் கண்ணைத் தின்னும், கிட்னியைத் தின்னும், கால் நரம்பைத் தின்னும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்து கிளம்பி வண்டியில் ஏறியபின்தான் உன் அத்தை பார்த்தாள், மாமாவின் ஒரு காலில் செருப்பு இல்லை. படியிலேயே கழன்று கிடந்திருக்கிறது, வெறுங்காலோடு அந்தச் சரளைக்கல் மேல் நடந்து வந்திருக்கிறான், அவனுக்குத் தெரியவே இல்லை.

டாக்டர் அடுத்து எங்களைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். மாத்திரை சாப்பிட்டு எப்போதாவது சிறுநீர் கறுத்துப் போனதுண்டா என்றார். மாமாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் மலேரியா வந்தபோது மாத்திரை தின்று, பால் விடாத காபி நிறத்தில் போனதை உன் அத்தைக்குக்கூடச் சொல்லாமல் மறைத்தோம், அதைச் சொன்னேன். கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது இப்படி ஆனதா என்றார். என் அண்ணன், உன் பெரிய மாமா, கிட்னி போய்த்தான் செத்தார். அவரும் பந்தயத்தில் எப்போதும் இரண்டாம் இடம், பெயிண்ட் தின்னர் வாசனைதான் கிட்னியைக் கெடுத்துவிட்டது என்று நாங்களே தீர்ப்பு எழுதி முடித்தோம், சின்னவன் அன்றிலிருந்து முகமூடி இல்லாமல் ஸ்ப்ரேயைத் தொட்டதில்லை. அதையும் சொன்னேன். பிறந்தவுடன் உடம்பு மஞ்சளாகி விளக்கடியில் வைத்த குழந்தை யாராவது உங்கள் குடும்பத்தில் உண்டா என்றார். அதைக் கேட்டதும் எனக்கு உன் பெயர்தான் ஞாபகம் வந்தது. உனக்கு லெமன் என்று பெயர் எப்படி வந்தது? ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டி, நீல விளக்குக்கு அடியில் உன்னைப் படுக்க வைத்திருந்தபோது, கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்த உன் மாமா, இது சாதா மஞ்சள் இல்லக்கா, சுத்தமான லெமன் எல்லோ என்றான், நாங்களும் சிரித்து அதையே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். இத்தனை வருஷமாக உன்னை எதைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று யாரும் யோசிக்கவில்லையே.

எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குறை என்னிடமும் இருக்கிறது. பெண்ணுக்கு அந்த மரபணு இரண்டு பங்கு உண்டாம், ஒன்று கெட்டிருந்தாலும் நல்ல ஒன்று பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், அதனால் எனக்கு வெளியே தெரியவில்லை. ஆணுக்கு ஒரே பங்குதான், அம்மா எதைக் கொடுக்கிறாளோ அதுதான், பூவா தலையா போட்டது மாதிரி. அப்பா வழியில் சர்க்கரை வரும் உடம்பு உனக்கு ஏற்கனவே இருக்கிறது, என் வழியில் அதை ஒளித்து வைக்கும் ரத்தமும் வந்திருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து உனக்கு எழுதி வைத்த சொத்து அதுதான். எனக்கு அன்றைக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. டாக்டர் மேல் கோபம், லேப் மேல் கோபம், செத்துப்போன என் அம்மா மேல்கூடக் கோபம் வந்தது, அவளுக்கு என்ன தெரியும். இதற்கெல்லாம் நடுவில் உன் மாமா, கட்டுப் போட்ட கண்ணோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன், தலையைத் திருப்பாமலே ஒரு கேள்வி கேட்டான். "அக்கா, இந்த வருஷம் ஜெயிச்சது யாரு?"

உன் அத்தை அழ ஆரம்பித்தாள். ஜெயித்தது நீதானே. கம்பெனி மெடிக்கலில் எடுத்த நம்பரைப் போனில் அனுப்பி, மாமாவையே தோற்கடித்துவிட்டேன் என்று நீ குதித்தாயே, அதுவும் அதே மூன்று மாத டெஸ்ட் நம்பர்தான். நான்தானே பேக்கரிக்குப் போய்க் கேக் வாங்கி, உன் போட்டோவுக்கு முன்னால் வைத்து வெட்டினேன். மாமா போனுக்கு ஒரு துண்டை ஊட்டி விட்டான், அதையும் படமெடுத்து உனக்கு அனுப்பினோம். நான் பக்கத்து வீட்டுக்காரி வரைக்கும் போய், என் பிள்ளைக்குச் சர்க்கரையே வராது என்று பீற்றிக்கொண்டு வந்தேன். உன் நம்பரையும் வேலையையும் சொன்னதும் டாக்டர், பஸ் ஓட்டுகிறவரா என்று திருப்பிக் கேட்டார். 

உனக்கு இருந்தே தீரும் என்று அவர் சொல்லவில்லை, அதையும் எழுத வேண்டும், இல்லையென்றால் நான் புளுகுகிறேன் என்பாய். பார்க்காமல் சொல்ல முடியாது, பார்த்தே ஆக வேண்டும் என்றார். ஆனால் நான் உன் அம்மாவாயிற்றே, எனக்கு டெஸ்டுக்கு முன்னாலேயே மனசு கணக்குப் போடுகிறது. உடம்பு இளைத்து பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னாய். சீட்டுக்கு அடியில் இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர், அது போதாமல் டெப்போவிலும் குடிக்கிறாய். டிரிப்புக்கு நடுவில் ஒதுங்க இடமில்லாமல் அவஸ்தை என்று அப்பாவிடம் புலம்பியிருக்கிறாய், காது கேட்காத மனிதரிடம் ரகசியம் சொன்னால் அவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி என்னிடம் வந்து சொல்வார் என்று தெரியாதா? அதெல்லாம் போகட்டும். அந்தப் புது பஸ்ஸின் முன் கண்ணாடி மட்டம், சாயங்காலமானால் ஒரு பக்கம் புகை படிந்தது மாதிரி இருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை என்று சொன்னாய். நம் பட்டறையில் வண்டிக் கண்ணாடி பார்த்துத்தான் வளர்ந்தவன் நீ. உள்ளே படிந்தால் உள்ளே துடைத்தால் போகும், வெளியே படிந்தால் வெளியே துடைத்தால் போகும். போன மாதம் உனக்கு வேறு பஸ் மாற்றிக் கொடுத்தார்களே, அதிலும் அதே பக்கத்தில் அதே கறை என்றாயே. டேய், கறை வண்டி மாறி ஏறுமா?

நீ ஏன் தட்டிக் கழிக்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். உன்னோடு ஓட்டிக்கொண்டிருந்த ஒருவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் ஸ்டீயரிங்கில் இருந்து இறக்கி, வண்டி கழுவும் பக்கம் அனுப்பிவிட்டார்கள், எனக்கும் அந்தக் கதி வரணுமா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாய். கழுவினால் என்னடா? உன் மாமன் வாழ்நாள் முழுக்க வண்டி கழுவித் தேய்த்துப் பெயிண்ட் அடித்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றினான், எந்த மரியாதை குறைந்துபோயிற்று? இப்போது அவன் பட்டறைக்கு வருகிறான், நாற்காலியில் உட்காருகிறான், கூட வேலை பார்க்கும் பெயிண்டர் கலர் தடவிய அட்டையைக் கொண்டுவந்து சரியா அண்ணே என்று பழக்கத்தில் நீட்டுகிறார், இவனும் பழக்கத்தில் வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறான், பிறகு என்னிடம் கொடுத்துவிடுகிறான். எனக்குக் கலரைப் பற்றி என்ன தெரியும், நான் பார்த்து ஆமாம் சரி என்கிறேன். இடது கண்ணுக்கு லேசர் வைக்கிறார்கள், இருப்பதைக் காப்பாற்றத்தான், போனது போனதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அவன் ஒருத்தன் நாற்காலியில் உட்கார்ந்ததோடு இது முடியட்டும். அவனாவது கையில் ஸ்ப்ரே பிடித்துக்கொண்டிருந்தான், நீ ஒரு பஸ்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களும் ஒவ்வொரு வீட்டில் யாரோ காத்திருக்கிறவர்கள்தான். உன் மாமாவுக்குக் கொட்டியது மாதிரி அந்தச் சிவப்பு, வளைவில் திரும்பும்போது கொட்டினால் என்ன செய்வாய்? இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நீ செய்ய வேண்டியது ரொம்பப் பெரிதில்லை. வெறும் வயிற்றிலும் சாப்பிட்டபின்னும் ரத்தம் கொடு, அந்த மூன்று மாத நம்பரை யார் நீட்டினாலும் நம்பாதே, கம்பெனி டாக்டரே நீட்டினாலும் நம்பாதே. கண்ணில் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்க்கும் டாக்டரிடம் போ, கண்ணாடிக் கடையில் எழுத்தைப் படிக்கச் சொல்வார்களே அது இல்லை. சொட்டு விட்ட அன்றைக்கு வண்டி எடுக்க முடியாது, லீவு போடு. சிறுநீரையும் காலையும் பார்க்கச் சொல். காய்ச்சல் தலைவலி என்று கண்ட மாத்திரையை வாங்கி விழுங்காதே, டாக்டரிடம் அந்த ஜி சிக்ஸ் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சாப்பிடு. துணி அலமாரியில் அந்துருண்டை இருந்தால் வெளியே எறி, அதுவும் இந்த ரத்தத்துக்கு ஆகாதாம். சீக்கிரம் பிடித்துவிட்டால் மாத்திரையிலும் நடையிலும் அடக்கி வைக்கலாம் என்று டாக்டர் ஆயிரம் தடவை சொன்னார். உன் அப்பாவைப் பார், தோற்றுத் தோற்றே கண்ணைக் காப்பாற்றிக்கொண்டார். நீயும் தோற்றுப்போடா ராஜா, கெட்ட நம்பர் வந்தாலும் மறைக்காமல் போன் பண்ணு, நான் திட்ட மாட்டேன், உன் மேல் சத்தியம்.

நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுசோடும், குறையாத கண்ணோடும், கை நிறைய வேலையோடும் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் மாமாவும் அத்தையும் தங்கள் ஆசீர்வாதத்தைத் தனியாக எழுதச் சொன்னார்கள், எல்லாவற்றையும் சேர்த்து இதிலேயே வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள். நேற்று என் மருமகளோடு பேசினேன். பேச்சோடு பேச்சாக, "இவரு இப்பல்லாம் ரொம்ப சோம்பேறி ஆயிட்டாரு அத்தே, பில்லு, பொட்டலத்துல இருக்கிற எழுத்து, எது வந்தாலும் நீயே படின்னு என் கையில குடுத்துடறாரு" என்று சிரித்தாள். அவள் சிரித்ததால் நானும் சிரித்து வைத்தேன். அதனால் ஒன்று மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மாடி, என் கண்ணே, இந்தக் கடிதத்தையும் இவ்வளவு நேரமாக அவனுக்கு நீதான் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாய் என்றால், இந்த வரியைச் சத்தமாகப் படிக்காதே. நாளைக்கு அவனை வேலைக்கு விடாதே, கதவைப் பூட்டிச் சாவியை நீ வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காகப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
அம்மா